பதில்: கோல்டுபேனர்ஸ் அணி தொடங்கியது 1906-இலா, 1960-இலா?

உங்கள் கட்டுரையில் 1960 என்றே போடுங்கள். அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் நகரில் ரெட் பௌச்சர் அந்தப் பேஸ்பால் அணியைத் தொடங்கிய ஆண்டு அது. அவர் பின்னாளில் அம்மாநிலத்தின் துணை ஆளுநரும் ஆனார். 1906 என்பது அந்த ஊரில் ஆண்டின் மிக நீண்ட பகலன்று நடக்கும் 'நள்ளிரவுச் சூரிய ஆட்டம்' என்ற பேஸ்பால் ஆட்டம் முதன்முதலாக நடந்த ஆண்டு. அந்த ஆட்டத்தை இந்த அணி பிறகு ஏற்று நடத்தியதால்தான் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

ஒரே ஆட்டத்துக்கு இரண்டு தேதி இருப்பது பிழையல்ல. ஜூன் 21 இரவு சுமார் 10.30-க்குத் தொடங்கி நள்ளிரவைத் தாண்டும். தொடங்கிய தேதியையே குறியுங்கள். மின்விளக்கு போடமாட்டார்கள். இப்போதைய கடிகாரப்படி அங்கே சூரியன் மறைவதே 12.45-ஐ ஒட்டித்தான். ஆனால் 1983-இல் அலாஸ்காவின் நேர மண்டலம் மாறியது. அதற்கு முந்தைய கோடைகளில் கடிகாரப்படி மறைவு குறைந்தது ஒரு மணி நேரம் முன்னதாக வரும். பழைய புகைப்படங்களுக்கு நேரம் எழுதும்போது இதைத்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

வீரர்களை 'தொழில்முறை' என்று எழுதாதீர்கள். அவர்கள் கல்லூரி வீரர்கள்; சம்பளம் வாங்கினால் கல்லூரி அணியில் ஆடும் தகுதி போய்விடும் என்பதால் ஆடுவதற்குச் சம்பளம் கிடையாது. 1964-இல் வந்த, பின்னாளில் புகழ்பெற்ற பந்துவீச்சாளரான டாம் சீவரும் அப்படித்தான் ஆடினார்.

கான்சஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரில் நடக்கும் தேசிய பேஸ்பால் தொடரில் 1972, 1973, 1974 என அடுத்தடுத்து இந்த அணி வென்றதைக் கட்டாயம் சேர்த்துவிடுங்கள். அணியின் பொற்காலம் அதுதான்.