ஊர்ச் சாவடி: கண்மாய், கணக்கு, பூட்டிய நூலகம்

சிவகங்கைச் சீமையில் இருபத்தாறு வருடம் ஊராட்சிக் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற ஒருவர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

எங்கள் ஊரில் கிராம சபை என்று பத்துப் பேர் கூடிக் கலைகிறார்கள். தீர்மான நோட்டில் மட்டும் நூறு கையெழுத்து இருக்கிறது. எப்படி ஐயா?
*வாசகர், இளையான்குடி*

எப்படி என்று எனக்கு நன்றாகவே தெரியும். நானே வாங்கியிருக்கிறேன். கூட்டம் முடிந்த மறுநாள் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டீக்கடை, ரேஷன் கடை, நூறு நாள் வேலை நடக்கும் இடம் என்று ஒரு சுற்று வந்தால் மத்தியானத்துக்குள் சேர்ந்துவிடும். எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஒரே ஒரு அப்பத்தா மட்டும் கைநாட்டு வைக்கும் முன்னால், "இதுல என்ன எழுதியிருக்கு, வாசி" என்றது. வாசித்தேன். "எங்க தெரு வாய்க்காலைக் காணோமே" என்றது. கைநாட்டு வைக்கவில்லை. வெயிலில் நின்றுகொண்டு அசடு வழிந்தேன்.

ஐநூறு பேர் வரை உள்ள ஊராட்சி என்றால் 50 பேர் வரவேண்டும். மூவாயிரம் வரை 100, பத்தாயிரம் வரை 200, அதற்கு மேல் 300. இந்த எண்ணிக்கையைக் காட்டத்தான் நோட்டு ஊர் சுற்றுகிறது. ஒரு சின்ன வேலை செய்யுங்கள். கூட்டம் கலையும் முன் கடைசிக் கையெழுத்துக்குக் கீழே ஒரு கோடு போட்டு, "மொத்தம் முப்பத்தேழு பேர்" என்று எழுத்தால் எழுதச் சொல்லுங்கள். அப்புறம் கோட்டுக்கு மேலே யாரும் நுழைய முடியாது. செல்போனில் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு கூட்டம். தலைவர் இல்லை என்பதும் சாக்கு ஆகாது. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-ஓடு பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். அவர்கள் காலத்திலும் கிராம சபை உண்டு.

சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கும் எங்கள் ஊர்ப் பையன்கள் சேர்ந்து நாலு லட்சம் திரட்டிவிட்டோம். கண்மாயைத் தூர்வார பொக்லைன் பேசியாயிற்று. வேறு என்ன கவனிக்கணும் அண்ணே?
*வாசகர், சிங்கப்பூர் (சொந்த ஊர் தேவகோட்டைப் பக்கம்)*

சந்தோஷம் தம்பி. பொக்லைனைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள்.

கண்மாய் யாருடையது என்று முதலில் பாருங்கள். ஆயக்கட்டு, அதாவது அந்தக் கண்மாய்த் தண்ணீரில் பாயும் நிலம், நூறு ஏக்கருக்கு மேலே என்றால் நீர்வளத் துறை, அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். நம்ம கண்மாய்தானே என்று எந்திரத்தை இறக்கினால் முதல் நாள் மத்தியானமே "மண் திருட்டு" என்று ஒருவர் போன் போடுவார். போடுகிறவர் வெளியூர்க்காரராக இருக்க மாட்டார். எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அப்படியே சர்வேயரை வைத்து அளந்து கல் ஊன்றிவிடுங்கள். கல் ஊன்றாமல் தூர்வாரினால், ஆக்கிரமித்தவர்கள் விட்டுவைத்த மிச்சத்தைத்தான் தூர்வாருவீர்கள்.

அப்புறம், கண்மாய்க்குள் இறங்கும் முன், அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலைப் பாருங்கள். இதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். ஒரு கோடையில் ஊரே வரி போட்டு, மூன்று லட்சம் செலவழித்துத் தோண்டினோம். ஐப்பசியில் இரண்டு நாள் நல்ல மழை. பக்கத்து ஊர்க் கண்மாய் நிரம்பிக் கலுங்கு பாய்கிறது. எங்கள் கண்மாயில் ஆட்டுக்குட்டி குடிக்கிற அளவுக்குத்தான் தண்ணீர். நானும் மடை திறக்கும் பெரியவரும் ஆளுக்கொரு உரச்சாக்கை மழைக்குத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு வரத்துக்கால் கரையோடு மேற்கே நடந்தோம். அரை மைல் தாண்டி ஒரு தோட்டக்காரர் டிராக்டர் போய்வர சிமெண்டுக் குழாய் பதித்திருந்தார். குழாயின் அடி, கால்வாய்த் தரையை விட ஒரு சாண் உயரம். அந்த ஒரு சாணில் முட்டிய தண்ணீர், கரையில் எலி வளை பார்த்து உடைத்துக்கொண்டு ஓடையில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. குழாய்க்குள் கருவேல முள், பிளாஸ்டிக் பை, ஒற்றைச் செருப்பு. பெரியவர் அந்தச் செருப்பை உருவி எறிந்துவிட்டு, "மூணு லட்சத்துக்குத் தோண்டுனோம், அரைநாள் மம்பட்டி வேலையை விட்டுட்டோம்" என்றார். அந்த வருடம் எங்களுக்கு விளைச்சல் இல்லை.

மூன்றாவது விஷயம் மடை மட்டம். வயலுக்குத் தண்ணீர் வெளியேறும் மடைக்கண் எந்த உயரத்தில் இருக்கிறதோ, அதற்குக் கீழே எத்தனை அடி தோண்டினாலும் அந்தத் தண்ணீர் தானாக வயலுக்கு ஏறாது. ஆடு மாடு குடிக்கும், கிணற்றில் ஊறும், மீன் கிடக்கும், நெல்லுக்கு ஆகாது. பொக்லைன் ஓட்டுகிற பையனுக்கு ஒரே இடத்தில் ஆழக் குழி எடுப்பது சுலபம், நின்ற இடத்திலேயே டிப்பரை நிரப்பிவிடலாம். பரவலாகச் சுரண்டி எடுக்கச் சொன்னால் முகம் சுளிப்பான். சுளிக்கட்டும். கொத்தனார் வைத்திருக்கும் டியூபில் தண்ணீர் ஊற்றி மடையிலிருந்து மட்டம் எடுத்துக்கொண்டே போய், அங்கங்கே குச்சி நட்டுக் குறி போட்டுக் காட்டுங்கள். ஆடு மாட்டுக்கு ஒரு பள்ளம் வேண்டும் என்றால் ஒன்று போடுங்கள், கரைக்குத் தூரமாக. கரையை ஒட்டி மண் அள்ளினால் கரை சரியும். பெருமழையில் ஊருக்குள்தான் தண்ணீர் வரும்.

வண்டல் வீணாக வேண்டாம். விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் இலவசம்தான். தாசில்தாரே அனுமதி கொடுக்கலாம் என்று 2024-இல் நடைமுறையை எளிதாக்கினார்கள். நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90. உங்கள் நாலு லட்சத்தில் பாதி, மண்ணை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்பதிலேயே கரைந்துபோகும்; விவசாயிகளே டிராக்டர் கொண்டுவந்து அள்ளிப் போனால் அந்தச் செலவு மிச்சம். ஒரு லோடு வழிமாறிச் செங்கல் சூளைக்குப் போனாலும் மொத்த வேலைக்கும் கெட்ட பெயர். கணக்கு எழுத ஒரு ஆளை வரப்பில் உட்கார வையுங்கள்.

எந்திரத்துக்கு மணிக்கணக்கில் வாடகை பேசியிருந்தால், காலையில் சாவி போடும் முன் வண்டியில் உள்ள மணி மீட்டரைப் பார்த்து எழுதுங்கள். சாயங்காலம் அணைத்ததும் எழுதுங்கள். இரண்டு தரமும் ஓட்டுநர் கையெழுத்து. நீங்கள் அங்கேயும் இவர்கள் இங்கேயுமாக இருப்பதால், அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அன்றன்றைக்கே குழுவில் போடச் சொல்லுங்கள். பணம் அனுப்பியவர்களுக்குச் சந்தேகம் வந்த பிறகு கணக்குக் காட்டினால் அது கணக்காகத் தெரியாது, சமாதானமாகத் தெரியும்.

ஒன்று மட்டும் என் சொந்த அபிப்பிராயம். முன்னெல்லாம் குடிமராமத்து என்றால் வீட்டுக்கு ஒரு ஆள் மம்பட்டியோடு வரவேண்டும். 2017-இல் அதே பெயரில் அரசே திட்டம் போட்டபோது விவசாயிகள் பங்கு பத்து சதவீதம் என்று வைத்தார்கள். இப்போது நீங்கள் நூறு சதவீதமும் அனுப்புகிறீர்கள். ஊரில் இருப்பவர்கள் கரையில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். வேண்டாம். கண்மாய்க்கு உங்கள் பணம், வரத்துக்காலுக்கு அவர்கள் கை என்று பேசி முடியுங்கள். தான் வெட்டிய வாய்க்காலில் எவனும் குழாய் பதிக்க விட மாட்டான்.

கண்மாய் மீன் ஏலப் பணம் வருடா வருடம் திருவிழாவுக்கே போகிறது. பெண்களுக்குக் குளிக்க ஒரு மறைப்புக் கட்டக் கேட்டால், "அது சாமி காசு" என்கிறார்கள். என்ன செய்வது?
*வாசகி, சிங்கம்புணரி*

அம்மா, ஊராட்சிக் கண்மாயின் மீன்பாசிக் குத்தகை ஊராட்சிக்கு வரவேண்டிய பணம். அது பொது நிதி, ரசீதோடு வரவேண்டும். ஊர் வழக்கத்தில் அது கோயிலுக்குத் திரும்பிவிட்டது என்றால் ஒரே நாளில் திருப்ப முடியாது, சண்டைதான் வரும். அதனால் பணத்தைக் கேட்காதீர்கள். கணக்கைக் கேளுங்கள். காப்புக் கட்டுவதற்கு முந்தின வாரம், சாவடியில், மைக்கில், போன வருட வரவு செலவை வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்தால் வாணவேடிக்கைக்கு எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும். அப்புறம் மறைப்புக் கட்டும் பேச்சை நீங்கள் எடுக்க வேண்டியதில்லை, வேறு யாராவது எடுப்பார்கள்.

இது புதுசாகக் கேட்பது இல்லை. உத்திரமேரூர்க் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்தில், 919-இலும் 921-இலும் வெட்டிய கல்வெட்டில் ஏரி வாரியத்துக்குக் குடவோலை எடுப்பது பற்றி எழுதியிருக்கிறது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் போடக் கூடாது. அவன் நெருங்கிய உறவுக்காரன் பெயரையும் போடக் கூடாது. நம் ஊரில் அப்படிச் சட்டம் போட்டால் குடத்துக்குள் ஓலை மிஞ்சுமா என்று தெரியவில்லை.

நோட்டு எழுத ஆள் இல்லை என்பார்கள். உங்கள் மகளிர் குழுவில் வாரா வாரம் ரூபாய் பிசகாமல் எழுதுகிறீர்களே, அந்தப் பெண்ணை அனுப்புங்கள்.

எங்கள் ஊர் நூலகம் ஆறு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. யாருக்கு மனுப் போடுவது?
*கல்லூரி மாணவி, மானாமதுரை*

மனு அப்புறம். சாவி யாரிடம் இருக்கிறது? அதைக் கண்டுபிடியுங்கள். 2006-க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கட்டிய நூலகம் என்றால் அது ஊராட்சியின் கட்டடம். சாவி ஊராட்சி ஆபீஸ் ஆணியில் தொங்கும், இல்லாவிட்டால் நூலகம் பார்த்துக்கொண்டவர் வீட்டுப் பரணில் இருக்கும். நான் பார்த்த ஒன்றைத் திறந்தபோது உள்ளே விதை நெல் மூட்டை இருந்தது. புத்தகமும் இருந்தது, எலி தின்றது போக. கூரை ஒழுகினால் "நமக்கு நாமே" திட்டத்தில் கேட்டுப் பாருங்கள். மூன்றில் ஒரு பங்கை ஊர் கட்ட, மிச்சத்தை அரசு போடும். வீட்டு வரி ரசீதையும் எடுத்துப் பாருங்கள், ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி கட்டிக்கொண்டிருக்கிறோம். கேட்கும்போது கூச்சம் வேண்டாம்.

தண்டோரா போடுவதை நிறுத்திவிட்டார்கள். பழைய வழக்கம் போயிற்றே என்று பெரியவர்கள் வருத்தப்படுகிறார்கள். உங்கள் கருத்து?
*வாசகர், திருப்புவனம்*

வருத்தப்படுகிற பெரியவர்களில் தண்டோரா போட்டவர் யாராவது உண்டா என்று விசாரித்து எழுதுங்கள். 2022 ஆகஸ்டில் அதை விட்டுவிடச் சொல்லித் தலைமைச் செயலாளர் கடிதமே அனுப்பினார். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொன்னால் போதும்.

எல்லா ஊருக்கும் யோசனை சொல்கிறீர்கள். உங்கள் ஊரில் என்ன செய்தி?
*வாசகி, காளையார்கோவில்*

நல்லா மாட்டிவிட்டீர்கள். சொல்கிறேன். போன மாதம் வரத்துக்கால் சுத்தம் செய்ய வீட்டுக்கு ஒரு ஆள் கேட்டோம். அறுபத்திரண்டு தலைக்கட்டில், அதாவது வீட்டில், நாற்பத்தொன்று வந்தது. வராத வீட்டுக்கு முந்நூறு ரூபாய் என்று பேச்சு. பதினாறு வீடு கொடுத்துவிட்டது, ஐந்து பாக்கி. அந்த ஐந்தில் ஒன்று என் மைத்துனர் வீடு. சாவடியில் பட்டியல் வாசிக்கும்போது அந்த இடத்தில் எனக்கு லேசாகத் தொண்டை கட்டிக்கொண்டது, ஆனாலும் வாசித்துவிட்டேன். அவர் வீட்டில் இப்போது எனக்குக் காப்பி கிடைப்பதில்லை.

தோட்டக்காரரிடம் பேசி அந்தச் சிமெண்டுக் குழாயைப் பெயர்த்து, ஒரு சாண் கீழே இறக்கிப் பதித்தாயிற்று. மடை திறக்கும் பெரியவர் இப்போது இல்லை. அவர் பேரன்தான் இறங்கி மட்டம் பார்த்தான். மழைக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.