ஆஸ்கர் விருது வென்றவர்களில் உங்களால் மறக்கவே முடியாதவர் யார்?

கெவின் ஓ'கானல். ஒலிக்கலவைக் கலைஞர். 21ஆவது முறை பரிந்துரைக்கப்பட்டபோதுதான், 2017இல், முதல் ஆஸ்கரைக் கையில் வாங்கினார்.

உங்களில் பலர் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஆனால் அந்த விழா நினைவிருக்கும். சிறந்த படம் 'லா லா லேண்ட்' என்று அறிவித்து, அந்தக் குழுவினர் மேடையில் நன்றி சொல்லிக்கொண்டிருக்கும்போதே உறை மாறிப்போனது தெரியவந்து, வென்றது 'மூன்லைட்' என்று திருத்தினார்களே, அதே விழாதான். மறுநாள் எல்லோரும் உறையைப் பற்றியே பேசினார்கள். நான் அதற்கு வெகுநேரம் முன்பே கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேலைக்குக் கிளம்ப மறந்து, திரைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

காரணம், நானும் அதே தொழில் செய்கிறேன். மிக்ஸிங் அரங்கில் உதவியாளராகச் சேர்ந்து இன்றுவரை வேறு வேலை பார்த்ததில்லை. இந்த வேலை என்னவென்று தெரியாமல் அவர் காத்திருந்தது எதற்காக என்று புரியாது என்பதால், ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன்.

இரவு. மழை. ஜன்னலோரம் நிற்கும் பெண் "போகாதே" என்கிறாள். சொல்லும்போதே முகத்தைத் திருப்பிக்கொள்வதால் கடைசி எழுத்து தேய்ந்துவிடுகிறது. குரலைக் கூட்டினால் மூச்சும் சேர்ந்து பெரிதாகி, அவள் நம் காதுக்குள் வந்து பேசுவதுபோல் ஆகிவிடும். மழையைக் குறைத்தால், மழை திடீரென்று ஓய்ந்ததுபோல் தோன்றும். மழை என்பது ஒரே ஒலி அன்று. கூரையில் விழுவது, இலையில் விழுவது, தரையில் ஓடுவது, தூரத்து இரைச்சல் என்று தனித்தனித் தடங்களாக எங்களிடம் வரும். அரங்கில் எனக்குத் தொழில் கற்றுத்தந்த என் மூத்தவர், அவள் பேசுவதற்கு அரை விநாடி முன்பு இலைமழையை மட்டும் கீழே இறக்கினார். கூரைமழையைத் தொடவில்லை. மழை தொடர்ந்து பெய்துகொண்டிருப்பதாகக் காது நம்பியது, அவள் சொன்னதும் முழுதாகக் கேட்டது. அந்த அரை விநாடிக்கு ஒரு பிற்பகல் முழுவதும் போனது. படம் பார்த்த ஒருவரும் அதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாங்கள் தவறு செய்திருக்கிறோம் என்று அர்த்தம்.

இனி ஓ'கானலுக்கு வருகிறேன். அவரை இந்தத் தொழிலில் சேர்த்துவிட்டவர் அவருடைய தாய். முதல் பரிந்துரை 1984 விழாவில், 'டெர்ம்ஸ் ஆஃப் எண்டியர்மென்ட்' படத்துக்காக. பிறகு 'டாப் கன்', 'கிரிம்சன் டைட்', 'தி ராக்', 'ஆர்மகெடான்', 'ஸ்பைடர்மேன்' என்று வரிசையாக வந்துகொண்டே இருந்தன. 2008இல் 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' படத்தோடு எண்ணிக்கை 20 ஆயிற்று. இருபது முறையும் வேறு பெயர்தான் வாசிக்கப்பட்டது. ஹாலிவுட்டின் துரதிர்ஷ்டசாலி என்று பத்திரிகைகள் எழுதின. அந்தப் பட்டத்தை நான் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

ஏன் என்றால், ஆஸ்கரில் ஒலிக்கான பரிந்துரையைத் தருபவர்கள், விருதை வழங்கும் அகாடமியின் ஒலிப் பிரிவு உறுப்பினர்கள், அதாவது அவரைப்போலவே கன்சோல் எனும் ஒலிக்கலவை மேசை முன்னால் உட்காரும் ஆட்கள். இறுதி வாக்கெடுப்பில்தான் நடிகர்கள், எழுத்தாளர்கள், ஆடை வடிவமைப்பாளர்கள் என எல்லா உறுப்பினர்களும் கலந்துகொள்கிறார்கள். தொழில் தெரிந்தவர்கள் இருபது முறை அவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். என்னைப் போன்றவனுக்கு அது சிலையைவிடப் பெரிது. ஆனால் அவருக்கு அந்த மேடை வேண்டியிருந்தது, அதற்கு ஒரு காரணமும் இருந்தது.

பிறகு ஒன்பது ஆண்டுகள் பரிந்துரையே இல்லை. 2017இல் 'ஹேக்ஸா ரிட்ஜ்' வந்தது. ஆயுதம் எடுக்க மறுத்த மருத்துவப் படைவீரர் ஒருவர் ஒகினாவா போரில் காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு வரும் கதை. எதிரில் 14 பரிந்துரைகளோடு 'லா லா லேண்ட்'. இசைப்படம் என்றால் ஒலிக்கலவை விருதும் அதற்கே போகும் என்று தொழிலில் இருப்பவர்களே பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

உறையைப் பிரித்ததும் 'ஹேக்ஸா ரிட்ஜ்' என்றார்கள். சக கலைஞர்கள் மூவரோடு ஓ'கானல் மேடையேறினார். 39 ஆண்டுகளுக்கு முன்பு தாய் ஸ்கிப்பி தனக்கு இந்த வேலையை வாங்கிக்கொடுத்ததைச் சொன்னார். இதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தாயிடம் கேட்டாராம். கடுமையாக உழை, ஒருநாள் ஆஸ்கர் வாங்கு, அந்த மேடையில் நின்று உலகத்துக்கு முன்னால் எனக்கு நன்றி சொல் என்றாராம் தாய். கேட்க அந்தத் தாய் அப்போது உயிரோடு இல்லை. மேலிருந்து பார்த்துக்கொண்டிருப்பாய் என்று சொல்லி அந்த நன்றியை அங்கேயே செலுத்தினார்.

அதே விழாவின் இன்னொரு பக்கத்தையும் சொல்லவேண்டும். ஓ'கானலோடு பல படங்களில் ஒரே கன்சோலில் வேலைசெய்தவர் கிரெக் ரஸ்ஸல். அவரும் அதற்கு முன் 16 முறை பரிந்துரைக்கப்பட்டு ஒரு முறைகூட வென்றதில்லை. அந்த ஆண்டு '13 ஹவர்ஸ்' படத்துக்காக 17ஆவது பரிந்துரை. ஒலிப் பிரிவு உறுப்பினர்களைத் தொலைபேசியில் அழைத்து ஆதரவு திரட்டியது விதிமீறல் என்று சொல்லி, விழாவுக்கு முந்தைய நாள் அதை ரத்துசெய்துவிட்டார்கள். விதி விதிதான். ஆனாலும் அந்த இருவரையும் சேர்த்தே நினைக்கிறேன்.

ரஹ்மானைச் சொல்லவில்லையே என்று கேட்பீர்கள். 2009இல் அவர் இரண்டு சிலைகள் வென்ற விழாவில் "எல்லாப் புகழும் இறைவனுக்கே" என்று தமிழில் சொன்னபோது எழுந்து நின்று கைதட்டியவன்தான் நான். ஆனால் அதே 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்துக்காக, படப்பிடிப்பில் நேரடி ஒலிப்பதிவு செய்த ரசூல் பூக்குட்டியும் ஒலிக்கலவை விருதை வாங்கினார் என்பது பலருக்கு நினைவில்லை. ஓம் என்ற சொல்லுக்கு முன்னும் பின்னும் இருக்கும் மௌனத்தைப் பற்றி அந்த மேடையில் பேசினார். ஒலிக்காரன் மௌனத்தைப் பற்றிப் பேசியதை எங்கள் அரங்கில் பல நாள் பேசிக்கொண்டிருந்தோம்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது 2022இல். நிகழ்ச்சி நீள்கிறது என்று எட்டு விருதுகளை நேரலை தொடங்குவதற்கு முன்பே கொடுத்து, பிறகு சுருக்கி வெட்டிக் காட்டினார்கள். ஒலி, படத்தொகுப்பு, பின்னணி இசை எல்லாம் அந்த எட்டில் அடக்கம். இசையும் ஒலியும் தொகுப்பும் இல்லாத சினிமா எது? அடுத்த ஆண்டே பழைய முறைக்குத் திரும்பினார்கள். திரும்பாமல் இருந்திருந்தால், இன்னொரு ஸ்கிப்பியின் மகன் இன்னொரு நாள் சொல்லப்போகும் நன்றி நறுக்கப்பட்ட துண்டாகத்தான் நமக்குக் கிடைத்திருக்கும்.

அந்த 2017 காலையில் என் மூத்தவரைப் போனில் அழைத்தேன். அப்போது அவர் ஓய்வுபெற்றுவிட்டார். தாய் கதையைச் சொல்லி முடிக்கும்வரை பேசாமல் கேட்டார். "படம் பார்த்தாயா?" என்றார். "வீட்டு டிவியில் பார்த்தேன் சார்" என்றேன். "டிவியில் நீ என்னத்தைக் கேட்டிருப்பாய்? டிஸ்க் வாங்கிவை, ஞாயிற்றுக்கிழமை அரங்குக்கு வருகிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

சொன்னபடியே வந்தார். தன் பழைய நாற்காலியிலேயே உட்கார்ந்தார். போர்க்காட்சி தொடங்கியதும் புரொஜெக்டரை அணைக்கச் சொன்னார். இருட்டில் ஒலியை மட்டும் கேட்டோம். ஓர் இடத்தில் அவர் கை மெல்ல உயர்ந்து, எதையோ கீழே இறக்குவதுபோல் காற்றில் தாழ்ந்தது. "இங்கே" என்றார். அந்த இடத்தை மட்டும் மூன்று முறை திருப்பிப் போட்டுக் கேட்டோம்.