காய்ச்சல் விட்ட நாளில்தான் கண்காணிப்பு வேண்டும்

கேள்வி: 14 வயது மகனுக்கு டெங்கு உறுதியாகி, வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்கிறோம். ஐந்தாம் நாளான இன்று காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனால் பிளேட்லெட் 62,000தான். பரிசோதனை நிலையத்தில் எங்கள் எண்ணை வாங்கிய ஒருவர், உடனே பிளேட்லெட் ஏற்ற வேண்டும், ஏற்பாடு செய்கிறேன் என்று விடாமல் அழைக்கிறார். ஏற்றலாமா? கைக்குழந்தைக்கும் இவனிடமிருந்து ஒட்டுமா? இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்து ஆஸ்பிரின் சாப்பிடும் மாமனாருக்கும் இன்று காய்ச்சல்.

பதில்: அந்த ஆளின் அழைப்பை இனி எடுக்காதீர்கள். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் டெங்குவில் குறைவது நோயின் போக்கு. உடல் தேறும்போது தானே ஏறிவிடும். ரத்தப்போக்கு இல்லாத சிறுவனுக்கு 62,000 என்ற எண்ணைப் பார்த்து ஏற்ற வேண்டியதில்லை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பெரியவர்களிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், எண்ணிக்கை 20,000 வரை இறங்கியவர்களுக்கு முன்கூட்டியே ஏற்றியும் ரத்தப்போக்கு குறையவில்லை, பக்கவிளைவுகள்தான் கூடின. பயந்துபோன பெற்றோரைத் தேடிப்பிடித்து ரத்தத்தில் தரகு பார்ப்பவர்களை எந்த மருத்துவமனை வாசலிலும் நிற்க விடக் கூடாது. நோயாளியின் எண் அவர்கள் கைக்கு எப்படிப் போகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை.

உங்கள் கவலை இருக்க வேண்டிய இடம் வேறு. காய்ச்சல் இறங்கும் நேரத்தில், பெரும்பாலும் மூன்றிலிருந்து ஏழாம் நாளுக்குள், சிலருக்கு ரத்த நாளங்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். அது 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். உயிர் போவது பெரும்பாலும் இந்தக் கசிவால் ரத்த அழுத்தம் விழுவதால்தான். அதனால் மகனை இன்றே மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள். ஓயாத வயிற்றுவலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுத்த மலம், கைகால் சில்லிடுதல், அசதி மிகுந்து கிடப்பது அல்லது நிலைகொள்ளாமல் தவிப்பது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் இரவானாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அங்கே பிளேட்லெட்டைக் கேட்பதற்கு முன் ஹீமாட்டோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, எவ்வளவு என்று கேளுங்கள். முன்பிருந்த அளவைவிட அது 20 சதவீதம் ஏறியிருந்தால் ரத்தம் கெட்டிப்படுகிறது, கசிவு நடக்கிறது என்று பொருள். ஆனால் அறிக்கையில் பிளேட்லெட்டைத்தான் சிவப்பில் வட்டமிட்டுத் தருகிறார்கள்; உயிரைக் காக்கும் எண் மூலையில் கிடக்கிறது. இதைக் குடும்பத்துக்குச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தை ஒதுக்காமல் உறவினர்களை ரத்தம் தேட விரட்டும் வழக்கத்தை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பயத்தில் பாட்டில் பாட்டிலாகச் சலைன் ஏற்றச் சொல்வதும் ஆபத்து. கசிவு நின்றபின் அந்த நீர் ரத்தத்துக்குத் திரும்பி நுரையீரலில் தேங்கலாம்.

தொட்டால், இருமினால் டெங்கு ஒட்டாது. ஏடிஸ் வகைப் பெண் கொசு நோயாளியைக் கடித்த பிறகு, வைரஸ் அதன் உடலில் பெருகி உமிழ்நீரை எட்டச் சுமார் 8 முதல் 12 நாள் ஆகும். பிறகு ஆயுள் முழுவதும் அது பரப்பும். காய்ச்சல் தொடங்குவதற்கு முன்பே நோயாளியின் ரத்தத்தில் வைரஸ் இருக்கும் என்பதால், உங்கள் வீட்டுக் கொசுக்களில் சில ஏற்கெனவே அதை ஏந்தியிருக்கலாம். இது பகலில் கடிக்கும் கொசு. மகனும் குழந்தையும் பகலிலும் வலைக்குள் படுக்கட்டும். தண்ணீர்ப் பாத்திரங்களைக் கவிழ்த்தால் மட்டும் போதாது. உட்சுவரில் ஒட்டிய முட்டை காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும், தேய்த்துக் கழுவுங்கள். புகை மருந்து பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். முட்டையும் புழுவும் தப்பிவிடும்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், எடைக்கேற்ற அளவில். ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக், ஸ்டீராய்டு ஊசி எதுவும் வேண்டாம்.

டெங்குவில் ஆஸ்பிரினும் கூடாது என்பதுதான் பொது விதி. உங்கள் மாமனார் அந்த விதிக்குள் அடங்கமாட்டார். ஸ்டென்ட் உள்ளவர் ஆஸ்பிரினைத் தானாக நிறுத்தினால் ஸ்டென்ட்டில் ரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம். நிறுத்தாமல் விட்டாலும் டெங்குவில் ரத்தக்கசிவு வரலாம். ஸ்டென்ட் வைத்து எவ்வளவு காலம் ஆயிற்று, கூடவே ரத்தம் உறைவதைத் தடுக்கும் குளோபிடோக்ரல் மாத்திரையும் சாப்பிடுகிறாரா, பிளேட்லெட் எவ்வளவு என்பதையெல்லாம் பார்த்து இதய மருத்துவர்தான் முடிவெடுக்க வேண்டும். மருந்துக் கடைக்காரர் சொன்னார், பக்கத்து வீட்டார் சொன்னார் என்று நிறுத்தாதீர்கள். இன்றே இதய மருத்துவரிடம் பேசி, மாமனாருக்கு டெங்குப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். காய்ச்சலின் முதல் ஐந்து நாட்களுக்குள், ரத்தத்தில் டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 பரிசோதனை பொருத்தமானது.

கைக்குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் மறுநாள்வரை காத்திருக்க வேண்டாம். வீட்டில் டெங்கு இருப்பதைச் சொல்லி அன்றைக்கே காட்டுங்கள்.