பால் பென்ஃபீல்ட்: நவாபுக்கு வட்டிக்கு விட்டு எம்பி ஆன ஆளு – கேள்வி பதில்

கே: அண்ணே, யாரு இந்த பென்ஃபீல்ட்? பெரிய வீட்டுப் பையனா?

ப: இல்லப்பா. 1764ல ஈஸ்ட் இந்தியா கம்பெனி வேலைக்கு மெட்ராஸ் வந்தவர், கட்டட வேலை தெரியும், கோட்டை காண்ட்ராக்ட்ல காசு பாத்தார். சேப்பாக்கம் அரண்மனைய கட்டினதும் அவர்தான்னு சொல்வாங்க. ஆனா அசல் வருமானம் வட்டிலதான்.

கே: சம்பளக்காரர்கிட்ட வட்டிக்கு விட அவ்ளோ பணம் ஏது சார்?

ப: அதான எல்லாருக்கும் சந்தேகம்! வருஷத்துக்கு சில நூறு பவுண்டு வாங்கினவர், 1776ல தஞ்சாவூர் கணக்குல மட்டும் 2,34,000 பவுண்டு வரணும்னு சீட்ட நீட்டறார். விஷயம் என்னன்னா, ஆற்காடு நவாப் முகமது அலி கையில ரொக்கமே நிக்காது, கம்பெனி ஆளுங்க கடன் குடுத்துட்டு பதிலுக்கு இந்த சீமை வரி இனி எனக்குன்னு எழுதி வாங்கிப்பாங்க. 1773ல கம்பெனி படை தஞ்சாவூர புடிச்சு நவாப்கிட்ட குடுத்ததா, அவரு வயல்ல நிக்கிற நெல்லு வரைக்கும் பென்ஃபீல்ட்கிட்ட அடமானம் வெச்சிட்டார். அப்புறம் லண்டன் உத்தரவுப்படி மெட்ராஸ் கவர்னர் பிகட் 1776 ஏப்ரல்ல ஊர ராஜா துளஜாகிட்டயே திருப்பிக் குடுத்ததும் பென்ஃபீல்டுக்கு வயித்துல புளிய கரைச்சிருச்சு.

கே: அந்த கவர்னரையே அரெஸ்ட் பண்ணாங்களாமே?

ப: ஆமா, ஆகஸ்ட் 24. கவர்னரோட சேர்ந்து முடிவெடுக்கிற கவுன்சில்ல மெஜாரிட்டி பென்ஃபீல்ட் பக்கம். கர்னல் ஸ்டூவர்ட் அன்னிக்கு பிகட் கூடவே சாப்ட்டு, கூடவே வண்டில ஏறி, கோட்டைல இருந்து தோட்ட வீட்டுக்கு போற வழில புடிச்சுக் குடுத்தார், என்ன நெஞ்சழுத்தம் பாருங்க. பிகட் 1777 மே மாசம் காவல்லயே செத்துட்டார்.

கே: எம்பி ஆனது எப்படி?

ப: காசுதான் தம்பி. 1780ல இங்கிலாந்து பார்லிமென்ட்டுக்கு கிரிக்லேட் தொகுதி, பின்னாடி மாம்ஸ்பரி, ஷாஃப்ட்ஸ்பரி. 1784ல பிரதமர் பிட் அரசாங்கம் நவாப் கடன விசாரிக்காமலே ஒத்துக்கிச்சு, கர்நாடக (நவாப் ஆண்ட ஆற்காட்டு சீமைக்கு அப்போ அதான் பேரு) வரிலேர்ந்து வருஷம் 4,80,000 பவுண்டு கட்டணும்னு. பென்ஃபீல்ட் கையில இருந்த ஓட்டுக்கு குடுத்த விலை இதுன்னு எட்மண்ட் பர்க்னு ஒரு எம்பி 1785 பிப்ரவரில பார்லிமென்ட்ல வெச்சு கிழிச்சார். எனக்கும் பர்க் சொன்னதுதான் சரின்னு படுது.

கே: கடைசில என்னாச்சு?

ப: வுட்ஹால் பார்க் மாளிகைய வாங்கினார், வால்டர் பாய்டோட சேர்ந்து அரசாங்கத்துக்கே கடன் ஏற்பாடு பண்ற பேங்க் நடத்தினார், அது முழுகிருச்சு. 1810ல பாரிஸ்ல சாகும்போது அடக்கத்துக்கே அங்க இருந்த இங்கிலீஷ்காரங்க சந்தா போட்டாங்க.

கே: நவாப் கடன்?

ப: 1801ல கர்நாடகத்த கம்பெனி எடுத்துக்கிச்சு. பிற்பாடு வந்த கடன்கள கமிஷன் வெச்சு தோண்டினா, 3 கோடி பவுண்டுக்கு மேல கேட்டதுல பத்துல ஒரு பங்குகூட தேறல, மிச்சம்லாம் டுபாக்கூர் பத்திரம்.