சுவர் கட்டியும் தோற்பது ஏன்? கோ ஆட்டத்தில் நிலமும் செல்வாக்கும்

கேள்வி: “கோ ஆட்டத்தில் மூலை, ஓரம் என்று ஆரம்பத்திலேயே நிலம் பிடிப்பது நல்லதா, நடுப்பலகையைப் பார்த்துச் செல்வாக்கு வளர்ப்பது நல்லதா? நான் ஒவ்வொரு ஆட்டத்திலும் பெரிய சுவராகக் கட்டுகிறேன். கடைசியில் எண்ணிப் பார்த்தால் எதிராளிதான் முன்னால் இருக்கிறார். 9 கோட்டுப் பலகையிலேயே பழகினால் இது சரியாகுமா?”

சுவர் கட்டுவதில் தவறில்லை. கட்டிய பிறகு அதை வைத்து என்ன செய்கிறீர்கள் என்ற இடத்தில்தான் ஆட்டம் கைநழுவுகிறது. பெரும்பாலும் நடப்பது இதுதான்: சுவர் எழுந்ததும் அதற்கு முன்னால் இருக்கும் வெற்றிடம் முழுவதும் நம்முடையது என்று மனம் கணக்குப் போட்டுவிடுகிறது. அப்புறம் அதை மூடப் பார்க்கிறோம். மூடி முடிப்பதற்குள் எதிராளி மூன்று மூலைகளில் உட்கார்ந்துவிடுகிறார்.

ஆட்டம் தெரியாமல் இதைப் படிப்பவர்களுக்காகச் சில வரிகள். 19 கோடு நீளவாக்கில், 19 கோடு குறுக்கே. அவை வெட்டிக்கொள்ளும் 361 புள்ளிகளில் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி ஒவ்வொரு காயாக வைக்கவேண்டும். வைத்த காய் நகராது. ஒட்டியிருக்கும் காலிப் புள்ளிகள் எல்லாம் அடைபட்டால் காய் பிடிபடும். கடைசியில் காலிப் புள்ளிகளை யார் அதிகம் வளைத்திருக்கிறாரோ அவர் வென்றார். ஆடுபுலி ஆட்டம் ஆடியவர்களுக்கு அடைத்துப் பிடிக்கிற சூட்சுமம் புதிதாக இருக்காது. இங்கே பினாங்கில் சீன நண்பர்கள் இதை வெய்ச்சி என்பார்கள்.

இனி நிலமும் செல்வாக்கும். எதிராளி நுழைந்தால் பிழைக்க முடியாது என்ற அளவுக்கு வளைத்த இடம் நிலம். அங்கே இப்போதே எண்ணலாம். செல்வாக்கு என்பது வெளியே பார்த்து நிற்கும் பலமான காய்களின் வீச்சு. அதில் எண்ண ஒன்றும் இருக்காது. ஆனால் அந்த வீச்சுக்குள் நடக்கும் எந்தச் சண்டையிலும் நமக்கு ஆள்பலம் இருக்கும்.

ஓரத்திலிருந்து எண்ணினால் மூன்றாம் கோடு நிலத்துக்கு, நான்காம் கோடு செல்வாக்குக்கு என்று சொல்வார்கள். ஏன் என்று ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பாருங்கள், அவ்வளவு அழகாக இருக்கும். ஒருவர் மூன்றாம் கோட்டை முழுக்கச் சுற்றிக் காய் வைக்கிறார் என்று வையுங்கள். 56 காய் வேண்டும். ஓரத்தில் அவருக்கு 136 புள்ளி. இன்னொருவர் நான்காம் கோட்டைச் சுற்றுகிறார். 48 காய், உள்ளே அவருக்கு 121 புள்ளி. எல்லாவற்றையும் கூட்டினால் சரியாக 361. ஓரத்துக்காரருக்கு 15 புள்ளி அதிகம், ஆனால் அதற்கு 8 காய் கூடுதலாகச் செலவழித்திருக்கிறார். காய்க்கு எத்தனை என்று வகுத்தால் மூன்றாம் கோட்டில் சுமார் 2.43, நான்காம் கோட்டில் சுமார் 2.52. நிஜ ஆட்டத்தில் யாரும் இப்படிச் சுற்றி வைப்பதில்லைதான். இருந்தாலும் இந்த இரண்டு கோடுகளும் ஏன் இத்தனை நூற்றாண்டாக ஒன்றை ஒன்று விடாமல் மல்லுக்கு நிற்கின்றன என்பது இந்தக் கணக்கில் தெரிந்துவிடும். இதே கணக்கை இரண்டாம் கோட்டுக்குப் போடுங்கள்: 64 காய், 72 புள்ளி. காய்க்கு ஒன்றைக் கொஞ்சம் தாண்டுகிறது, அவ்வளவே. எதிராளி உங்களை இரண்டாம் கோட்டில் ஊர்ந்துபோக வைக்கிறார் என்றால், உயிர்பிழைக்க வேறு வழியில்லாதபோது மட்டும் சம்மதியுங்கள்.

என்னைக் கேட்டால் நிலம் கையில் இருக்கும் காசு, செல்வாக்கு கைமாற்றாகக் கொடுத்த காசு. கொடுத்தது நம் பணம்தான், ஆனால் ஆட்டம் முடிவதற்குள் வசூலிக்கவேண்டும். வசூலிக்கும் வழி, எதிராளியின் பலவீனமான காய்களைத் துரத்துவது. சுவர் கட்டத் தெரிந்த பலருக்கு இந்தத் துரத்தல் பழக்கம் இல்லை. உங்கள் ஆட்டத்திலும் விடுபட்டிருப்பது இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஜெலுத்தோங் பக்கம் ஒரு கோப்பிக் கடையில் ஞாயிற்றுக்கிழமை பசியாறிய பிறகு சிலர் பலகை விரிப்பார்கள். அங்கே வரும் ஒரு சீனப் பெரியவரை எல்லோரும் அங்கிள் என்றே கூப்பிடுவோம். அவர் கறுப்பு, கல்லூரியில் படிக்கும் நம் தமிழ்ப் பெண் ஒருத்தி வெள்ளை. இடது கீழ் மூலையை அவளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, நடுவைப் பார்த்து ஐந்தாறு காய்களில் ஒரு சுவர் எழுப்பியிருந்தார். பக்கத்தில் இருந்த ஒருவர் சுவருக்கு முன்னால் விரலால் வட்டம் போட்டு, இதெல்லாம் கறுப்புக்கு என்றார். அங்கிள் “பெலும் லாகி” என்று தலையாட்டினார், இன்னும் ஆகவில்லை என்று.

கீழ் ஓரத்தின் நடுவில், சுவருக்குக் கொஞ்சம் தள்ளி, வெள்ளை ஒரு காய் வைத்தது. நம்மில் பலர் உடனே சுவர்ப் பக்கத்திலிருந்து போய் இடிப்போம். அவர் அதைச் செய்யவில்லை. வலது பக்கத்திலிருந்து, மூன்றாம் கோட்டில், வெள்ளைக் காய்க்கு இரண்டு புள்ளி தள்ளி ஒரு காய் வைத்தார். வெள்ளைக்கு ஓரத்தில் கால் பரப்ப இடம் போய்விட்டது. நடுவை நோக்கி ஒரு புள்ளி தாவியது. கறுப்பும் வலது பக்கத்திலேயே கூடவே தாவியது. மறுபடி வெள்ளை, மறுபடி கறுப்பு. வெள்ளை ஓடிப்போய் முட்டியது சுவரில். வேறு வழியில்லாமல் உள்ளேயே குறுகி, இரண்டு கண், அதாவது எதிராளி அடைக்க முடியாத இரண்டு காலி இடம், வைத்துப் பிழைத்தது. நாலைந்து புள்ளி இருந்திருக்கும். அதற்குள் வலது பக்கம் தாவித் தாவி வந்த கறுப்புக் காய்கள் வரிசையாக நின்றன, வலது கீழ் மூலையும் ஓரமும் மொத்தமாகக் கறுப்புக்குள் வந்துவிட்டன. சுவருக்கு முன்னால் கறுப்புக்குக் கிடைத்தது ஒன்றுமே இல்லை. லாபம் முழுவதும் எதிர்ப்பக்கத்தில்.

“தங்கச்சி, நீ பிழைத்துக்கொண்டாய், நான் சாப்பிட்டுக்கொண்டேன்” என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். அவளும் சிரித்துக்கொண்டே அதே இடத்திலிருந்து இன்னொரு முறை வைத்துப் பார்க்கலாம் என்று காய்களை எடுத்தாள். இந்த மாதிரி ஆட்களோடு உட்கார்ந்து ஆடக் கிடைப்பது பெரிய விஷயம். பினாங்கில் இருந்துகொண்டு இணையத்தில் மட்டும் ஆடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது.

ஆக, எதிராளியைச் சுவரை நோக்கி விரட்டுங்கள், மறுபக்கத்தில் அறுவடை செய்யுங்கள். சுவருக்குப் பக்கத்தில் நீங்களே போய்க் காய் வைக்காதீர்கள். ஓரத்தில் நடுவைப் பார்த்து அடுத்தடுத்த புள்ளிகளில் இரண்டு காய் நின்றால் மூன்று புள்ளி விட்டு விரியலாம், மூன்று நின்றால் நான்கு விடலாம் என்று ஒரு பழைய அளவு உண்டு. சுவர் உயர உயர அதிலிருந்து தள்ளி ஆடவேண்டும். ஏற்கெனவே பலமாக இருக்கும் இடத்தில் இன்னொரு காய் வைப்பது வீண்.

சுவர் நிஜமாகவே சுவர்தானா என்பதையும் பாருங்கள். நடுவில் வெட்டக்கூடிய இடம் இரண்டு இருந்தால், அடுத்த சண்டையில் துரத்தப்படப்போவது நீங்கள். சுவர் பார்க்கும் திசையில் எதிராளி ஏற்கெனவே பலமாக உட்கார்ந்திருந்தாலும் அதற்கு மதிப்பு குறைவு. மூலையில் ஒரு ஜோசெக்கி முடியும்போது, அதாவது இருவருக்கும் நியாயம் என்று வழிவழியாக ஒப்புக்கொண்ட வரிசை முடியும்போது, எனக்குக் கிடைத்தது நிலமா செல்வாக்கா என்று பார்க்கும் முன் அடுத்த காய் யாருடையது என்று பாருங்கள். நிலமும் கொடுத்து, அடுத்த காய் வைக்கும் முறையும் கொடுத்தால் அந்தச் சுவர் மிகவும் பெரிதாக இருக்கவேண்டும்.

உச்சத்தில் ஆடியவர்கள் இந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் சொன்னார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1933இல் கோ செய்கென், சீனாவில் பிறந்து ஜப்பானுக்கு வந்த 19 வயது இளைஞர், ஹோனின்போ என்ற ஜப்பானின் பெரிய கோ பட்டத்தை வைத்திருந்த ஷூசாய்க்கு எதிராக ஆடிய ஆட்டத்தில் முதல் காயை 3-3 புள்ளியிலும் (மூலையில் இரு ஓரத்திலிருந்தும் மூன்றாம் கோடு), இரண்டாவதை எதிர்மூலையில் பொட்டு வைத்துக் குறித்திருக்கும் நட்சத்திரப் புள்ளியிலும், மூன்றாவதைப் பலகையின் நட்டநடுவிலும் வைத்தார். மூலையைக் காய் காயாகச் செதுக்கிய அந்தக் காலத்தில் அது பெரிய அதிர்ச்சி. ஆட்டத்தில் ஷூசாய் 2 புள்ளியில் வென்றார். ஆனால் கோ செய்கெனும் கிதானி மினொருவும் தொடங்கிவைத்த அந்தப் புதிய திறப்பு முறை, நடுப்பலகையின் வேகத்தைப் பற்றி எல்லோரையும் யோசிக்கவைத்தது.

பிறகு ஜப்பானின் தகெமியா மசாகி. ஒரு பக்கத்தின் மூன்று நட்சத்திரப் புள்ளிகளையும் வரிசையாகப் பிடித்து, பலகையின் நடுவே பிரம்மாண்டமாக ஒரு வளைப்பை விரிப்பார். அவருடைய பாணிக்குப் பிரபஞ்சப் பாணி என்றே பெயர். ஃபுஜித்ஸு உலகக் கோப்பையை அது தொடங்கிய முதல் இரண்டு ஆண்டுகளிலும், 1988லும் 1989லும், அவர்தான் வென்றார். எதிர்த்திசையில் சோ சிகுன். கொரியாவில் பிறந்து, 1962இல் ஆறு வயதில் ஜப்பானுக்குப் போனவர். முதலில் நிலத்தை எடுத்துக்கொள்வார், எதிராளியை நடுவில் கட்டவிடுவார், கடைசியில் அதற்குள் குதித்துப் பிழைத்துக்காட்டுவார். தகெமியா வைத்திருந்த ஹோனின்போ பட்டத்தை அதே 1989இல் சோ பறித்தார், 1998 வரை பத்து ஆண்டுகள் யாருக்கும் விடவில்லை. ஒரே ஆண்டில் செல்வாக்கின் மன்னர் உலகக் கோப்பையை வெல்கிறார், நிலத்தின் மன்னரிடம் பட்டத்தை இழக்கிறார். இதில் எந்தப் பாணி சிறந்தது என்று யார் தீர்ப்புச் சொல்வது? இருவரிடமும் பொதுவாக இருந்தது சண்டைத் திறமை. தகெமியாவின் வளைப்புக்குள் நுழைந்தவர்கள் பட்ட பாட்டைப் பாருங்கள், வளைப்பு எதற்கு என்று தெரியும்.

கணினி வந்தபிறகு தராசு கொஞ்சம் ஆடியது. 2016 மார்ச்சில் சியோலில் ஆல்ஃபாகோ என்ற கணினி நிரல் 4-1 என்று கொரிய ஆட்டக்காரர் லீ செடோலை வென்றபோது, இரண்டாவது ஆட்டத்தின் 37ஆவது காயை ஐந்தாம் கோட்டில் வைத்தது, நான்காம் கோட்டில் இருந்த வெள்ளைக் காயின் தோளில், அதாவது மூலைவாட்டில் அதற்கு மேலே. நான்காம் கோட்டு நிலத்தை எதிராளிக்குத் தாரைவார்ப்பது நஷ்டம் என்று படித்து வளர்ந்தவர்களுக்கு அது நம்ப முடியாத காய். அந்த ஆட்டத்தைப் பார்த்தால் செல்வாக்குக்கே வெற்றி என்று தோன்றும். ஆனால் அடுத்து வந்தது நேர்மாறு. நட்சத்திரப் புள்ளியில் இருக்கும் காய்க்குக் கீழே, ஆட்டம் தொடங்கிய சூட்டிலேயே 3-3இல் நுழைவது. வெளியே அத்தனை பலத்தைக் கொடுக்கலாமா என்று முன்பு ஆசிரியர்கள் கண்டிப்பார்கள். இப்போது தொழில்முறை ஆட்டக்காரர்கள் சர்வசாதாரணமாக நுழைகிறார்கள். நுழைந்தவர் செய்யும் ஒரு சின்ன மாற்றம்தான் காரணம்: முன்பு இரண்டாம் கோட்டில் வளைத்து, இணைத்து, அந்தச் சாக்கில் எதிராளியின் சுவரையும் உறுதியாக்கிக் கொடுப்பார்கள். இப்போது அதைச் செய்யாமல் அப்படியே விட்டுவிட்டு வேறு பெரிய இடத்துக்குப் போய்விடுகிறார்கள். சுவரில் ஓட்டை மீதி இருக்கிறது, முறையும் கைவசம் இருக்கிறது. அரைகுறைச் சுவருக்கு மதிப்பில்லை என்பதைக் கணினி இப்படிக் காட்டியது.

உங்களிடம் எதிராளி 3-3இல் நுழைந்தால், அவரை எந்தப் பக்கம் தடுப்பது என்று நிதானமாக யோசியுங்கள். உங்கள் காய்கள் தூரத்தில் காத்திருக்கும் பக்கத்தைப் பார்த்துச் சுவர் எழவேண்டும். என் கண்ணுக்குத் தொடக்க ஆட்டக்காரர்கள் அதிகம் கோட்டைவிடுவது இந்த ஒரு காயில். இதற்கு ஜோசெக்கி மனப்பாடம் உதவாது, பலகை முழுவதையும் பார்க்கவேண்டும்.

9 கோட்டுப் பலகை பற்றிக் கேட்டிருந்தீர்கள். காய் பிடிக்க, கண் வைக்க, வெட்ட, இணைக்கப் பழக அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் மொத்தமே 81 புள்ளி. துரத்த இடமில்லாத இடத்தில் செல்வாக்கைப் பழக முடியாது. 13 கோட்டில் கொஞ்ச நாள் ஆடிவிட்டு 19க்கு வந்துவிடுங்கள். எதிராளி உங்களைவிடத் தேர்ந்தவர் என்றால் ஆட்டம் தொடங்கும் முன்பே சலுகையாக நான்கு கறுப்புக் காய் வைத்துக்கொண்டு ஆடுங்கள். அந்த நான்கும் நான்கு மூலைகளின் நட்சத்திரப் புள்ளிகளில், நான்காம் கோட்டில் உட்காரும். நிலம் ஒன்றும் இருக்காது, பலகை முழுக்க வீச்சு மட்டும் இருக்கும். அதாவது நீங்கள் கேட்ட பாடத்தையே முதல் காயிலிருந்து படிக்கலாம். வெள்ளை ஓரத்தில் நுழையும்போது மூலையைக் காப்பாற்ற ஓடாமல், நுழைந்த காயை எந்த நட்சத்திரப் புள்ளியை நோக்கி விரட்டலாம் என்று பாருங்கள். ஆட்டம் முடிந்ததும் கதாகோ என்ற இலவச கோ நிரலில் அதைப் போட்டு, முதல் சண்டை முடிந்த இடத்தில் யார் எத்தனை புள்ளி முன்னால் என்று பாருங்கள். அந்த ஆட்டத்தின் படத்தை இங்கே போட்டால் நானும் பார்த்துச் சொல்கிறேன்.