இவ்வளவு மார்க் எடுத்துவிட்டுத் தையலா?

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பில் 431 மதிப்பெண் எடுத்திருக்கிறாள். ப்ளஸ் ஒன்னில் ஆடை வடிவமைப்புப் பாடம் உள்ள தொழிற்பிரிவில்தான் சேருவேன் என்கிறாள். "இவ்வளவு மார்க் எடுத்துட்டு தையல் மெஷின் மிதிக்கப் போறியா?" என்று அவள் அப்பா இரண்டு வாரமாகப் பேசுவதில்லை. எனக்கும் பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும் அக்கா?
– ஒரு வாசகி, நன்னிலம்

பதில்: சேர்த்துவிடுங்கள் தங்கச்சி. ஆனால் பள்ளியைப் பார்த்துச் சேர்க்க வேண்டும், அதைக் கீழே சொல்கிறேன்.

கும்பகோணத்தில் இருபத்திரண்டு வருஷமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். மார்க் எடுக்கிற பிள்ளைக்குத் தையல் எதற்கு என்று கேட்கிறவர்கள் யாரும் ஒரு ஜாக்கெட் வெட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. மார்பளவு 36 என்றால் கால்வாசி 9, அதோடு தளர்வுக்குக் கொஞ்சம், தையலுக்குக் கொஞ்சம், நாளைக்குப் பிரித்துவிட ஓர் அங்குலம் என்று மனசுக்குள்ளேயே கூட்டிக் கோடு போட வேண்டும், கை வளைவில் அரை அங்குலம் பிசகினால் கையைத் தூக்கும்போது ஜாக்கெட்டே மேலே ஏறும். திருபுவனம் பட்டோடு வருகிற ஜாக்கெட் துணி என்றால் இன்னும் பயம், ஜரிகைக் கரை இரண்டு கையிலும் ஒரே மாதிரி உட்கார வேண்டும், தப்பாக வெட்டினால் மாற்றுத் துணிக்கு எங்கே போவது?

கடை ஆரம்பித்த புதிதில், லைனிங் துணியை நனைத்துக் காயவைக்காமல் தைத்துக் கொடுத்துவிட்டேன். முதல் அலசலிலேயே லைனிங் சுருங்கி, மேல் துணி அலை அலையாக நின்றது. அந்த அம்மா ஒரு வார்த்தை பேசாமல் ஜாக்கெட்டை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார், இன்றைக்கும் மறக்கவில்லை. முன்னாலேயே சொல்லிக்கொடுக்க எனக்கு ஆளில்லை. உங்கள் மகள் இதையெல்லாம் பதினாறு வயதில், வகுப்பில், வீணானாலும் பரவாயில்லை என்கிற துணியில் கற்றுக்கொள்ளலாம்.

அவள் அப்பாவுக்குச் சொல்ல வேண்டியது: ப்ளஸ் டூ எந்தப் பிரிவில் முடித்தாலும் நிஃப்ட் என்கிற மத்திய அரசின் ஆடை வடிவமைப்புக் கல்லூரியில் பி.டெஸ். என்கிற வடிவமைப்புப் பட்டப்படிப்புக்கு நுழைவுத்தேர்வு எழுதலாம், சென்னை தரமணியிலேயே அந்தக் கல்லூரி இருக்கிறது. கட்டணம் அதிகம், மறைக்கவில்லை. ஆனால் அங்கேயே ஆடைத் தயாரிப்புத் தொழில்நுட்பமான பி.எஃப்.டெக். படிக்க ப்ளஸ் டூவில் கணக்குப் பாடம் இருந்திருக்க வேண்டும். அதனால் அவளுக்குப் பிடித்தது வடிவமைப்பா, தொழிற்சாலை வேலையா என்று இப்போதே உட்கார்ந்து பேசிவிடுங்கள். அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால் அரசு ஐடிஐயில் ஓராண்டுத் தையல் பயிற்சி இருக்கிறது. அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்துகிற தையல் லோயர், ஹையர் தேர்வுகளும் இருக்கின்றன.

சரி, பள்ளி விஷயம். பெயருக்குப் பாடத்தை வைத்துக்கொண்டு மெஷின்களைத் துணி போர்த்தி மூலையில் போட்டிருக்கிற இடங்களும் உண்டு. ஜூன் மாதம் பள்ளி திறந்துவிடும், அதற்கு முன்பே மகளையும் அழைத்துக்கொண்டு நேரில் போய்ப் பாருங்கள். மெஷினில் அடிநூல் வைக்கிற பாபின் கேஸைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். எண்ணெய்ப் பிசுக்கும் நூல் பஞ்சும் இருந்தால் ஓடுகிற மெஷின், துரு இருந்தால் வேறு பள்ளி. ஒரு மெஷினுக்கு எத்தனை பிள்ளைகள், போன வருஷப் பிள்ளைகள் தைத்தது ஏதாவது இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், வேலை சுத்தமா இல்லையா என்று அங்கேதான் தெரியும்.

அப்புறம், அவள் அப்பாவின் பழைய வேட்டி ஒன்றை எடுத்து மகளிடம் கொடுங்கள், உங்கள் அளவு ஜாக்கெட்டை வைத்து ஒரு கை மட்டும் வெட்டித் தைக்கட்டும், மெஷின் இல்லையென்றால் கைத்தையலே போதும். முடித்ததும் படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், உள்பக்கத்தை.