"அவன் செய்ததுதான் சரி" என்றார் என் கணவர்

அன்புள்ள அம்மா,

எனக்கு வயது 34, கணவருக்கு 41. திருமணமாகி ஆறு வருடங்கள் ஆகின்றன. மூன்று வயதில் ஒரு மகள் இருக்கிறாள். இதை யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை, அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

என் கணவர் ஒரு காலத்தில் திருடர். ஏதோ கஷ்டத்தில் ஒருமுறை கை வைத்துவிட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள், அதையே தொழிலாகச் செய்தவர். பூட்டு, பெட்டகம், அலாரம், இவைதான் அவர் படித்த படிப்பு. பிடிபட்டு நான்கு வருடம் சிறையில் இருந்தார். வெளியே வந்து ஒன்பது வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு அடுத்தவர் பொருளைத் தொட்டதில்லை. திருமணத்துக்கு முன்பே என்னை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார். "யோசித்துச் சொல். வேண்டாம் என்றாலும் நான் தப்பாக நினைக்க மாட்டேன்" என்றார். நான் யோசித்துத்தான் சம்மதித்தேன். என் அப்பா அம்மாவுக்கு இது தெரியாது. அவர் வேலை பார்க்கும் இடத்திலும் தெரியாது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் மாடி வீட்டுக் குழந்தை ஒரு அறைக்குள் மாட்டிக்கொண்டது. பூட்டு சிக்கிக்கொண்டு திறக்கவே இல்லை. உள்ளே குழந்தை வீறிட்டு அழுகிறது, வெளியே ஆளுக்கு ஒரு யோசனை. இவர் பேசாமல் என் தலையிலிருந்து இரண்டு ஹேர்பின்களை உருவினார். ஒன்றைப் பல்லால் வளைத்தார். கண்ணை மூடிக்கொண்டு, காதைக் கதவோடு ஒட்டி வைத்துக்கொண்டார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, கதவு திறந்துவிட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். இவருக்கு அது கேட்டதாகவே தெரியவில்லை. முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். எங்கள் குழந்தை பிறந்து முதன்முதலாகக் கையில் கொடுத்தபோதுகூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை அம்மா. அன்று இரவு அவர் தூங்கவில்லை. மறுநாள் துணி துவைக்க எடுத்தபோது, வளைந்த அந்த ஹேர்பின் சட்டைப் பையில் இருந்தது.

அதோடு போயிருந்தால் மறந்திருப்பேன். போன வாரம் இருவரும் ஒரு பழைய ஆங்கிலப் படம் பார்த்தோம். 1981இல் வந்த 'தீஃப்'. சிகாகோவில் பெட்டகம் உடைக்கும் ஒருவன் மனைவி, குழந்தை, வீடு என்று சாதாரணமாக வாழ ஆசைப்படுகிறான். ஒரு பெரிய தாதா அதையெல்லாம் அவனுக்கு ஏற்பாடு செய்துகொடுத்து, அதை வைத்தே அவனைப் பிடித்துக்கொள்கிறான். கடைசியில் அவன் மனைவியையும் குழந்தையையும் வெளியே அனுப்பிவிட்டு, தன் வீட்டையே வெடி வைத்துத் தகர்க்கிறான், தொழிலையும் கொளுத்திவிட்டு தாதாவைக் கொல்லப் போகிறான். படம் முடிந்ததும் இவர் "அவன் செய்ததுதான் சரி" என்றார். எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். ரொம்ப நேரம் உள்ளே வரவில்லை.

அன்றிலிருந்து நான் நானாக இல்லை. அவர் பத்து நிமிடம் தாமதமாக வந்தால் நெஞ்சு படபடக்கிறது. சட்டைப் பையைத் துழாவுகிறேன், போனைப் பார்க்கிறேன். மறுபடி அந்த வழிக்குப் போய்விடுவாரா? ஒருநாள் எங்களையும் அப்படி வெளியே அனுப்பிவிடுவாரா? என் பெற்றோரிடம் இதைச் சொல்லிவிட வேண்டுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை, உங்களைப் போலவே நானும் அவர் சொன்ன அந்த வாக்கியத்திலேயே நின்றுவிட்டேன். இரண்டாம் முறைதான் ஹேர்பின்னில் நின்றேன். அவரை நேரில் பார்க்காமல் "நிச்சயம் போகமாட்டார்" என்று நான் உறுதி தர முடியாது. ஆனால் நீங்கள் பயப்படும் அர்த்தம் மட்டுமே அந்த வாக்கியத்துக்கு இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்தப் படத்தை நானும் பார்த்திருக்கிறேன். நடுவில் ஒரு காட்சி வரும், நினைவிருக்கிறதா? நாயகன் ஃபிராங்க், தான் மணக்க விரும்பும் பெண்ணோடு காபிக்கடையில் உட்கார்ந்து தன் சிறை நாட்களைச் சொல்வான். அங்கே தன்னை அடித்துப்போட வந்தவர்களிடமிருந்து எப்படிப் பிழைத்தான் என்றால், உயிர் இருந்தாலும் சரி, போனாலும் சரி, எதுவுமே ஒரு பொருட்டில்லை என்ற இடத்துக்கு மனதைக் கொண்டுபோய்த்தான். படத்தின் முடிவில் அவன் செய்வதும் அதேதான். மனைவியும் குழந்தையும் வீடும் இருக்கும்வரை தாதா அவற்றைக் காட்டி மிரட்டலாம். எதுவும் இல்லாதவனை எதைக் காட்டி மிரட்டுவது? அதனால் எல்லாவற்றையும் தானே அழித்துவிடுகிறான். பார்க்க வீரம் போல இருக்கும். எனக்கு அது பயமாகத்தான் தெரிந்தது. ஆபத்து வந்தால் என்ன செய்வது என்று சிறை அவனுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம் அது.

உங்கள் கணவரும் நான்கு வருடம் அந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்தவர். "சரி" என்று அவர் சொன்னது திருட்டை அல்ல. 'என்னை நேசிப்பவர்களை என்னிடமிருந்து தூரமாக வைத்தால்தான் அவர்கள் பத்திரமாக இருப்பார்கள்' என்ற எண்ணத்தைச் சொல்லியிருக்கலாம். உங்கள் மீதும் மகள் மீதும் பாசம் கூடக்கூட இந்தப் பயமும் கூடும். அவர் பால்கனியில் நின்றிருந்த நேரத்தில் மனதில் ஓடியது எது என்று அவரிடமே கேட்க வேண்டியிருக்கிறது.

ஆனால் அவருடைய நிலைமையும் ஃபிராங்கின் நிலைமையும் ஒன்றில்லை. ஃபிராங்க், தான் விரும்பும் வாழ்க்கையைப் படங்களாக வெட்டி ஒரு தாளில் ஒட்டி, பர்ஸில் வைத்துக்கொண்டு அலைகிறான். சிறையில் போன வருடங்களை ஒரே வீச்சில் பிடித்துவிட வேண்டும் என்று அவசரப்படுகிறான். பழைய குற்றத்தைக் காரணம் காட்டி முறைப்படியான தத்தெடுப்பு மறுக்கப்பட்டதும், குழந்தையையே தாதாவின் கையால் வாங்குகிறான். அவன் வாழ்க்கையில் ஒவ்வொன்றும் இன்னொருவன் கொடுத்தது. உங்கள் வீட்டில் அப்படி யாரும் எதையும் கொடுக்கவில்லை. ஆறு வருடம், ஒன்பது வருடம் என்று நீங்கள் இருவரும் சேர்த்தது.

இதைச் சமாதானத்துக்காகச் சொல்லவில்லை. அமெரிக்காவின் பாஸ்டனில் 500 இளம் குற்றவாளிகளைப் பற்றி குளுக் என்ற ஆய்வாளர் தம்பதியர் திரட்டிய தகவல்களைப் பல பத்தாண்டுகள் கழித்து ராபர்ட் சாம்ப்சன், ஜான் லாப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எடுத்துத் தொடர்ந்தார்கள். அந்தச் சிறுவர்களில் 52 பேரை, முதியவர்களான பிறகு தேடிப்பிடித்து உட்காரவைத்துப் பேசினார்கள். 2003இல் அது புத்தகமாக வந்தது. குற்றத்தை விட்டவர்களில் பலர் ஒரு நாள் சபதம் எடுத்து விட்டவர்கள் இல்லை. கல்யாணம், நிலையான வேலை என்று ஒவ்வொன்றாக வந்து, நாளின் ஒழுங்கே மாறிப்போய், ஒரு கட்டத்தில் திரும்பிப் பார்த்தால் இழப்பதற்கு நிறைய சேர்ந்துவிட்டிருந்தது. உங்கள் கணவர் போகும் வழி இதுதான் என்று உங்கள் கடிதத்திலிருந்து எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம், அந்த ஹேர்பின். அதைப் பற்றி எழுதும்போது உங்களுக்கு ரொம்ப வலித்திருக்கிறது. குழந்தையைக் கையில் வாங்கும்போது இல்லாத வெளிச்சம் பூட்டைத் திறக்கும்போது எப்படி வந்தது? நான் நினைப்பதைச் சொல்கிறேன். பிறந்த குழந்தையை வாங்கும்போது பல ஆண்களுக்கு கை நடுங்கும், தனக்கு ஒன்றுமே தெரியாது என்ற பயம் முன்னால் வந்து நிற்கும். பூட்டின் முன்னால் அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. கைத்தொழில் தெரிந்தவருக்கு அந்த வேலை கைகூடும்போது வரும் மகிழ்ச்சி அது. அதைப் பாசத்தோடு ஒரே தராசில் வைக்க வேண்டாம்.

அதே நேரம் அதை ஒன்றுமில்லை என்றும் தள்ள மாட்டேன். திருட்டில் பணத்தைத் தாண்டி ஒரு கிளர்ச்சி இருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. எட்வின் சதர்லேண்ட் என்ற சமூகவியலாளர் ஒரு தொழில்முறைத் திருடரைப் பேசவைத்து 1937இல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் அவர் கண்டது, ஒருவரைத் தொழில்முறைத் திருடர் ஆக்குவது கைத்திறன் மட்டுமில்லை, மற்ற திருடர்கள் 'இவன் நம்மில் ஒருவன், கெட்டிக்காரன்' என்று ஏற்றுக்கொள்வதும்தான். யோசித்துப் பாருங்கள். உங்கள் கணவர் ஒன்பது வருடத்துக்கு முன்னால் திருட்டை மட்டும் விடவில்லை, தன்னைக் கெட்டிக்காரன் என்று சொன்ன ஒரே கூட்டத்தையும் விட்டார். அதற்குப் பிறகு முதல்முறையாக நான்கு பேர் கை தட்டியது அந்த மாடி வீட்டு வாசலில்தான். அப்போதுகூட 'இதை எங்கே கற்றுக்கொண்டீர்கள்?' என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்ற பயமும் கூடவே இருந்திருக்கும். இரவு தூக்கம் போனதில் எனக்கு ஆச்சரியமில்லை.

அந்தக் கை ஒரு குழந்தையை வெளியே கொண்டுவந்தது. இதை அவரிடம் யாராவது சொன்னீர்களா? லிவர்பூல் நகரில் குற்றத்தை விட்டவர்களையும் விட முடியாதவர்களையும் சந்தித்துப் பேசிய ஷாட் மருனா என்ற ஆய்வாளர் 2001இல் எழுதிய நூலில் ஒரு வித்தியாசத்தைக் காட்டுகிறார். விட்டவர்கள் தங்கள் பழைய காலத்தை அழித்துவிடவில்லை. அடிப்படையில் நான் நல்லவன்தான், பட்டது வீண் போகாமல் யாருக்காவது உதவட்டும் என்று தங்கள் கதையைத் திருப்பிச் சொல்லக் கற்றுக்கொண்டிருந்தார்கள். உங்கள் கணவருக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள ஒரு சம்பவம் கையில் கிடைத்திருக்கிறது. அதைச் சொல்ல உலகத்தில் நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள். நீங்களோ பயத்தில் பேசாமல் இருந்துவிட்டீர்கள். குற்றமாகச் சொல்லவில்லை, உங்கள் இடத்தில் யாருக்கும் வாய் அடைத்துத்தான் போகும்.

சட்டைப் பையைத் துழாவுவதை நிறுத்துங்கள். நீங்கள் அவருக்கு வார்டன் இல்லை. நாளைக்கு அவருக்குத் தெரியவந்தால், ஒன்பது வருடம் ஒழுங்காக இருந்தும் வீட்டிலேயே நான் கைதிதான் என்று தோன்றிவிடும். ஹேர்பின்னை எடுத்து மேஜையில் வைத்து, நேராகப் பேசுங்கள். "அன்று உங்கள் முகத்தைப் பார்த்தேன். அழகாக இருந்தது, பயமாகவும் இருந்தது" என்று சொன்னால் போதும். பிறகு, அவன் செய்தது எந்த விதத்தில் சரி என்று கேளுங்கள். அவர் பேச நேரம் எடுத்துக்கொள்ளட்டும். மறுபடி பூட்டின் ஆசை வருகிறதா என்று கேட்கவும் தயங்க வேண்டாம். "வருகிறது" என்று சொன்னால் அதிர்ந்துவிடாதீர்கள். ஆசையை மனைவியிடம் சொல்ல முடிகிறவர், அதை மறைக்கிறவரைவிடப் பாதுகாப்பான இடத்தில் இருக்கிறார். அந்தக் கைக்கு வேறு என்ன வேலை கொடுக்கலாம் என்பதை அவரே யோசிக்கட்டும். பூட்டு வேலையே வேண்டுமா, அல்லது பூட்டின் பக்கமே போகாத நுணுக்கமான பழுதுபார்க்கும் வேலையா என்பது அவருக்குத்தான் தெரியும்.

பெற்றோர் விஷயம். சொல்லுங்கள் என்றோ வேண்டாம் என்றோ நான் முடிவு செய்ய மாட்டேன். அது அவருடைய கதை, அவர் சம்மதமில்லாமல் உங்கள் வாயிலிருந்து போகக் கூடாது. ஆனால் இந்த ரகசியம் நீங்கள் இருவர் மட்டுமே தூக்கும் சுமையாக இருக்கும்வரை, அதைக் காட்டி மிரட்ட ஒருவன் வரலாம் என்ற பயம் அவரை விடாது. நம்பிக்கையான ஒரே ஒரு ஆளுக்காவது தெரிந்திருப்பது நல்லது. ஒரு ஆலோசகராக இருந்தாலும் சரி.

நீங்கள் உண்மையிலேயே கவலைப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு. பழைய ஆட்களின் அழைப்பு, கணக்கில்லாத பணம், "இந்த ஒரு தடவை மட்டும்" என்ற பேச்சு. இவற்றில் எதைப் பார்த்தாலும் காத்திருக்காதீர்கள். யாராவது மிரட்டுகிறார்கள் என்றால் அது உங்கள் வீட்டுக்குள் பேசித் தீர்க்கும் விஷயமில்லை, உடனே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். உங்களுடைய படபடப்பும் தூக்கமும் சரியாகவில்லை என்றால் உங்களுக்காகவும் ஒருவரைப் பாருங்கள், அவருக்காக மட்டும் அல்ல.

பேசிவிட்டு எனக்கு எழுதுங்கள். அடுத்த கடிதத்தை அவரே எழுதினாலும் எனக்கு மகிழ்ச்சிதான்.